நூற்றுக்கு எத்தனை பேர்?

உலகத்தில் இணையத்தைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டால், 2024-ஆம் ஆண்டுக்கு 68 பேர் என்று விடை வருகிறது. ஆள் கணக்கில் சொன்னால் சுமார் 550 கோடிப் பேர். மீதமுள்ள 260 கோடிப் பேர் அந்த ஆண்டில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இது. ஐரோப்பாவில் நூற்றுக்கு 91 பேர், ஆப்பிரிக்காவில் 38 பேர் என்று கண்டம் கண்டமாகவும் அது பிரித்துச் சொல்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ, ஒருவர் அமெரிக்காவில், பெரியவர்கள் நாகர்கோவிலிலோ நெல்லையிலோ, நாம் திருவனந்தபுரத்தில் என்றுதான் இருக்கிறோம். ஆகவே இந்த மாதிரிப் பட்டியல் பத்திரிகையில் வந்தால் நம் வீடுகளில் அது வெறும் செய்தியாக இருப்பதில்லை, "எங்கள் ஊரில் எல்லாரும் இன்டர்நெட்தான், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று தொலைபேசியிலேயே பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராக இருக்கலாமே என்று நினைத்துத்தான் நான் சாலைக் கடைவீதியில் ஒரு கட்டு கிராப் தாள் வாங்கினேன். கணினியில் ஒரு நொடியில் வரைந்துவிடலாம் என்பது தெரியும். ஆனால் கையால் வரைந்தால்தான் எண்கள் நம்மோடு பேசும் என்பது என் பழைய நம்பிக்கை. கோடும் கட்டமுமாகப் புள்ளிவிவரத்தை வரையும் வழக்கத்தை 1786-இல் தம் நூலில் காட்டிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேரும் கையால்தானே வரைந்தார்!

அரை மில்லிமீட்டர் இந்தியா

முதலில் 2000-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டில் அமெரிக்காவில் நூற்றுக்கு 43 பேர் இணையத்தைப் பயன்படுத்தினர். தென்கொரியாவில் ஏறக்குறைய 45. சிங்கப்பூரில் 36. மலேசியாவில் 21. இலங்கையிலும் இந்தியாவிலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, இலங்கை 0.65, இந்தியா 0.53. ஒரு விழுக்காட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்து நாட்டுக்கு ஒரு தூணாக வரைந்தேன். சிங்கப்பூரின் தூண் மூன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல் கம்பீரமாக நிற்கிறது. இந்தியாவின் தூண் அரை மில்லிமீட்டர். என் பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். தூண் இருக்கிறதா, அடிக்கோடுதானா என்று பிரித்தறிய முடியவில்லை.

காரணங்கள் பலருக்கும் நினைவிருக்கும். வீட்டில் தொலைபேசி வருவதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் அது முதலில் கிடைத்தது. தனியார் நிறுவனங்களுக்கு 1998 நவம்பரில்தான் கதவு திறந்தது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-லேயே நம் நகரத்தில் அமைந்துவிட்டது. ஆனால் பூங்காவுக்குள் கணினி இருப்பதும் ஊருக்குள் இணையம் இருப்பதும் ஒன்றல்லவே.

சிங்கப்பூரின் உயரமான தூணுக்கும் தமிழுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இணையத்தில் தமிழை எப்படி எழுதுவது என்று கூடிப் பேசிய முதல் மாநாடு, தமிழ்நெட் 97, நடந்தது சென்னையிலோ மதுரையிலோ அல்ல. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில். அங்கிருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றோர் அதற்குப் பாடுபட்டனர். சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு 1999 பிப்ரவரியில்தான் கூடியது. இணையத் தமிழுக்குக் கடல் கடந்த தமிழர்கள் முன்கை எடுத்ததற்கு அவர்களுடைய தமிழ்ப்பற்று ஒரு காரணம் என்றால், அவர்கள் வாழ்ந்த நாடுகளின் தூண்கள் உயரமாக இருந்தது மற்றொரு காரணம்.

சரி, அதே 2000-ஆம் ஆண்டை வேறொரு தாளில் வரைந்து பார்த்தேன். இந்த முறை விழுக்காடு இல்லை, தலைகளின் எண்ணிக்கை. இந்தியாவின் மக்கள்தொகை அப்போது நூறு கோடியைத் தாண்டியிருந்தது. நூறு கோடியில் 0.53 விழுக்காடு என்றால் 53 லட்சம் பேர். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே அந்த ஆண்டில் சுமார் 40 லட்சம். அதாவது, முதல் தாளில் கண்ணுக்கே தெரியாத இந்தியா, இரண்டாவது தாளில் சிங்கப்பூரின் கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் அதைவிடப் பெரியது. இரண்டு தாள்களும் உண்மையே பேசுகின்றன. ஒன்று, தெருவில் எதிர்ப்படும் ஒருவர் இணையம் அறிந்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. மற்றது, மொத்தக் கூட்டம் எவ்வளவு என்று சொல்கிறது. பள்ளிக்கூடம் நடத்துபவருக்கு முதல் தாள் வேண்டும். சரக்கு விற்பவருக்கு இரண்டாவது தாள் போதும். பத்திரிகைகளில் பெரும்பாலும் சரக்கு விற்பவருடைய தாளே வருகிறது என்பது என் கருத்து.

மூன்றாவது தாள்தான் எனக்கு வியப்பைத் தந்தது. இந்தியா 2000-இல் 0.53, 2010-இல் 7.5, 2020-இல் 43 விழுக்காடு. சாதாரணத் தாளில் வரைந்தால் முதல் பத்தாண்டு தூங்கி வழிகிற மாதிரியும், இரண்டாவது பத்தாண்டு ராக்கெட் மாதிரியும் தெரியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, எல்லாம் மாறிவிட்டது என்று நாம் சொல்வதற்கு அந்தப் படம் சாட்சி. ஆனால் லாக் தாளில், அதாவது ஒன்றிலிருந்து பத்துக்கு எவ்வளவு தூரமோ பத்திலிருந்து நூறுக்கும் அவ்வளவே தூரம் என்று கோடு போட்ட தாளில், அதே மூன்று புள்ளிகளை வையுங்கள். முதல் பத்தாண்டில் சுமார் 14 மடங்கு பெருகியிருக்கிறது. இரண்டாவதில் ஆறு மடங்குகூட இல்லை. தெருமுனை பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்திருந்த அந்தக் காலம்தான் மடங்குக் கணக்கில் வேகமான காலம். ஆட்களின் எண்ணிக்கையில் பார்த்தால் பின்னது பெரிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கேரளத்தை ஒரு நாடாக வைத்தால்?

நாடுகளை வரைந்து முடித்ததும், நாம் குடியிருக்கும் இந்த மாநிலத்தை அவற்றின் நடுவே வைத்தால் எங்கே நிற்கும் என்ற கேள்வி எழுந்தது. இது அசட்டு ஆசை அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மக்கள்தொகை 3.34 கோடி; மலேசியாவின் மக்கள்தொகை 2020-இல் 3.24 கோடி. ஏறக்குறைய சம எடை. கேரளத்தை உலக நாடுகளோடு ஒப்பிடும் வழக்கமும் இந்த நகரத்தில் பிறந்ததுதான். உள்ளூரில், லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்களில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம், கே.என். ராஜ் அவர்களின் தலைமையில் 1975-இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக ஓர் ஆய்வு செய்தது. வருமானம் குறைந்த மாநிலத்தில் எழுத்தறிவும் ஆயுளும் எப்படி உயர்ந்தன என்று அது காட்டிய பிறகுதான் கேரளத்தைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது.

ஆனால் கேரளத்தின் தூணை வரைய உட்கார்ந்தபோது, எந்த எண்ணைப் போடுவது என்பதே தலைவலியாகிவிட்டது.

தொலைத்தொடர்புத் துறையின் கணக்கு ஒன்று உண்டு. அது ஆளை எண்ணுவதில்லை, இணைப்பை எண்ணுகிறது. ஒருவரிடம் இரண்டு சிம் இருந்தால் இரண்டு. அதனால்தான் டெல்லியில் நூறு பேருக்கு நூற்றுக்கு மேற்பட்ட இணைய இணைப்புகள் என்று வருகிறது. பிறந்த குழந்தையும் இணையத்தில் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொலைத்தொடர்புக் கணக்கில் 'கேரள வட்டம்' என்றால் லட்சத்தீவும் மாஹியும் சேர்ந்தது. தமிழ்நாட்டு வட்டத்தில் புதுச்சேரி சேர்ந்துகொள்கிறது. சிம் எங்கே வாங்கியதோ அந்த வட்டத்தில்தான் அது எண்ணப்படும். நாகர்கோவிலில் வாங்கிய எண்ணை மாற்ற மனமில்லாமல் கரமனையிலும் வலியசாலையிலும் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் இங்கே குடியிருந்து, இங்கே வரி கட்டி, இங்கே வீடியோ பார்த்தாலும், அந்தக் கணக்கில் களியக்காவிளைக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்ட எல்லைக்கோடு நம் சட்டைப்பையிலும் ஓடுகிறது எனலாம்.

அடுத்தது, மத்திய அரசின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. 2019 முதல் 2021 வரை வீடு வீடாகச் சென்று ஆட்களிடமே கேட்டது. கேரளத்தில் ஆண்களில் 76.1 விழுக்காட்டினரும் பெண்களில் 61.1 விழுக்காட்டினரும் இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்கள் 70.2; பெண்கள் 46.9. நாடு முழுவதற்கும் ஆண்கள் 57.1; பெண்கள் 33.3. பீகாரில் பெண்கள் 20.6. மற்றவற்றில் பின்தங்காத ஆந்திரத்திலும் பெண்கள் 21 விழுக்காடுதான் என்பது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

இந்த எண்களைத் தூணாக வரையாமல் வேறு விதமாக வரைந்தேன். பத்துக்குப் பத்து என்று நூறு கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு பெண். கேரளத்துக்கு 61 கட்டங்களுக்கு மை பூசினேன், தமிழ்நாட்டுக்கு 47, இந்தியாவுக்கு 33. தூணில் உயரம்தான் தெரியும்; கட்டத்தில் விடுபட்டவர்கள் தெரிவார்கள். தமிழ்நாட்டில் வெற்றுக் கட்டங்கள்தான் அதிகம். அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் 23 கட்ட இடைவெளி, கேரளத்தில் 15. உலக அளவில் 2024-இல் ஆண்கள் 70, பெண்கள் 65, ஐந்தே கட்டம். வருமானம், கல்வி, தொழில் எல்லாவற்றிலும் முன்நிற்கும் தமிழ்நாட்டில், கைபேசி வீட்டுக்குள் வந்தபோது யார் கைக்குப் போனது என்பதை இந்த 23 கட்டங்கள் காட்டுகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. குடும்பநல ஆய்வு கேட்ட கேள்வி, "எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா?" என்பது. ஜெனீவா ஒன்றியம் கேட்கச் சொல்லும் கேள்வி, "கடந்த மூன்று மாதத்தில் பயன்படுத்தினீர்களா?" என்பது. மகன் கையிலிருந்து போனை வாங்கி ஒரே ஒருமுறை துபாயிலிருக்கும் பேரனின் முகத்தைப் பார்த்த அம்மாள் முதல் கேள்விக்கு 'ஆம்' ஆகிறார். இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' ஆகிவிடலாம். தவிர, குடும்பநல ஆய்வு பெண்களில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைத்தான் கேட்டது. ஐம்பது வயதான பெண் அந்தக் கணக்கிலேயே இல்லை. கேரளமோ இந்தியாவிலேயே முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம். 2011-லேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.6 விழுக்காடு. ஆகவே மலேசியாவின் தூணுக்குப் பக்கத்தில் கேரளத்தின் 61-ஐயும் 76-ஐயும் அப்படியே நிறுத்துவது நியாயமாகாது. நான் நிறுத்தவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

ஆறு கட்டங்கள்

இந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு மலப்புரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வளைகுடாவுக்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டம் மலப்புரம். வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் நடத்திய முதல் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் 13.6 லட்சம் பேர். கடல் கடந்து பேச ஆள் இருந்தால் இணையத்தின் அருமை தானே தெரியும். 2002 நவம்பரில் கேரள அரசு 'அட்சயா' திட்டத்தை அங்கேதான் தொடங்கியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்து தொடங்கிவைத்தார். குடும்பத்துக்கு ஒருவருக்காவது கணினி கற்றுக்கொடுப்பது நோக்கம். நடந்து போகும் தொலைவில் ஒரு மையம். அங்கே படிக்கலாம், கட்டணம் கட்டலாம், வெளிநாட்டில் இருப்பவரோடு பேசலாம். இன்று நாம் சான்றிதழுக்கும் ஆதார் திருத்தத்துக்கும் போய் நிற்கிற அட்சயா மையங்களின் பிறந்தகம் அது. இந்தியாவில் முதன்முதலாகக் கணினி எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

பிறகு கேரளத்தின் கோடு ஏறிக்கொண்டே போனது. இணையம் குடிமக்களின் உரிமை என்று 2017 வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. படிக்கும்போது நமக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

2020 ஜூன் 1. கொரோனாவினால் பள்ளிகள் மூடியிருந்தன. விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியிலும் இணையத்திலுமாக வகுப்புகளை அரசு தொடங்கியது. அன்றைய தினம் மலப்புரம் மாவட்டத்தில், அதே மலப்புரத்தில், கூலி வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகியிருந்தது. பாடம் பார்க்க வேறு வழி இல்லை என்ற வேதனையைக் குடும்பத்தார் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பெண் என்று செய்திகள் கூறின.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத பள்ளிப் பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் பேர். மாநிலத்தில் மொத்தம் 43 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். நூற்றுக்கு ஆறு. ஒரு நாட்டின் தூணை வரையும்போது நூற்றுக்கு 94 என்பது உச்சிக்கு அருகில், பட்டியலில் முன்வரிசை. என் கட்டத்தாளில் அதை வரைந்தபோது ஆறு கட்டங்கள்தான் வெள்ளையாக இருந்தன. அந்த ஆறில் ஒன்றின் ஒரு துளியில் இருந்தாள் அந்தப் பெண்.

நம்மவர்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான பாடங்கள் யூடியூபில் தரப்பட்டன. மலையாள வழிப் பிள்ளைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் ஒருவாறு சமாளிக்கலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இணையத்தின் தேவை இன்னும் கூடுதல். 'கேரள சராசரி' என்ற ஒரே தூணில் இந்த வேறுபாட்டைக் காட்ட இடமில்லை. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுவாக உட்கார்ந்து பார்க்க ஏற்பாடுகள் பின்னர் செய்யப்பட்டன. ஊர் மக்களும் சங்கங்களும் பழைய பெட்டிகளையும் போன்களையும் திரட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளைக் கட்டத்தைத் தேடிப் போனால்தான் அது நிரம்பும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. வெஞ்ஞாறமூட்டுக்கு அருகில் புல்லம்பாறை என்று ஒரு ஊராட்சி. அங்கே ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், போனைக் கையாளத் தெரியாதவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எழுதினார்கள். பிறகு அவர்களை வகுப்புக்கு வரச் சொல்லவில்லை. தொண்டர்கள் அவர்களிடம் போனார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், மண்வெட்டியைச் சாய்த்து வைத்த இடைவேளையில் பாடம் நடந்தது. 2022 செப்டம்பரில் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று மின்வாரியக் கம்பங்கள் வழியே கண்ணாடி இழை போட்ட 'கேபோன்' திட்டத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாகத் தொகுதிக்கு நூறு ஏழை வீடுகள், மொத்தம் 14,000 வீடுகளுக்கு இலவச இணைப்பு என்பது அதன் திட்டம்.

புல்லம்பாறையின் முறை மாநிலம் முழுவதும் பரவியது. 83 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஒன்றரைக் கோடிப் பேரிடம் விசாரித்து, 21.88 லட்சம் பேருக்குத் தெரியாது என்று கண்டு, ஏறக்குறைய அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரத்தில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. பயிற்சி பெற்றவர்களில் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த 105 வயதுப் பெரியவர் ஒருவரும் உண்டு. வயது வரம்பு வைத்துக் கேள்வி கேட்ட ஆய்வில் அவருக்கு இடமே கிடைத்திருக்காது.

பயிற்சி பெற்றதும் பயன்படுத்துவதும் வேறு வேறு கணக்கு என்பதை மேலே பார்த்தோம். அந்த 21 லட்சம் பேரில் கடந்த மூன்று மாதத்தில் தாமாகவே போனை எடுத்து இணையத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டு எழுதினால், என்னிடம் வெறுமையாகக் கிடக்கும் கேரளக் கட்டத்தை மலேசியாவுக்குப் பக்கத்தில் வைத்து நிரப்புவேன். அதுவரை நம் குடும்பங்களில் தொடங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் எத்தனை இணைப்பு என்று எழுதிவர வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் வயது, ஆணா பெண்ணா, கடந்த மூன்று மாதத்தில் யார் உதவியும் இல்லாமல் பயன்படுத்தினாரா என்ற மூன்றை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்து வாருங்கள். பெயர் வேண்டாம். கிராப் தாள் என்னிடம் இன்னும் பாதிக் கட்டு மீதி இருக்கிறது.